செருப்பை வாசலில் விடும் கால்களுக்கு எந்த அறுவை?

பெருவிரல் அறுவைக்குப் பிறகு நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க, அமெரிக்கக் கால், கணுக்கால் எலும்பு மருத்துவர் சங்கம் 1994இல் நூறு மதிப்பெண் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. வலி இல்லையென்றால் 40. விரல் நேராக நின்றால் 15. மீதி 45 செயல்பாட்டுக்கு; அந்த 45இல் 10 காலணிக்கு. நாகரிகமான ஷூவை உள்ளே எதுவும் வைக்காமல் மாட்ட முடிந்தால் முழுப் பத்து. சொகுசு ஷூவோ உள்ளட்டையோ வேண்டுமென்றால் ஐந்து. தனியாகச் சொல்லிச் செய்த ஷூதான் என்றால் பூஜ்யம். இந்தத் துறையில் வந்த ஆய்வுகளில் பெரும் பகுதி ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது.

இதைக் காரைக்குடியில் ஓர் ஆச்சியிடம் நீட்டிப் பாருங்கள். அறுபது வயதில் அவர் கால் ஷூவைக் கண்டதே இருக்காது. கடைத்தெருவுக்கு ரப்பர் செருப்பு. திரும்பி வந்தால் அதுவும் வாசற்படியோடு சரி. அதற்குப் பிறகு ஆத்தங்குடி ஓட்டின் மேல் வெறுங்கால். விடியலில் குத்தவைத்துக் கோலம், சம்மணமிட்டுச் சாப்பாடு, சாமி அறையில் மண்டியிட்டு நமஸ்காரம், பிள்ளையார்பட்டிக் கோயிலில் வெயில் ஏறிய கல்தரை, தை பிறந்தால் பழனிக்கு நடை. இவை எதற்கும் அந்தப் பட்டியலில் தனியாக ஒரு மதிப்பெண்கூட இல்லை. அவரோ காலுக்கு அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்கும்போது இவற்றைத்தான் கேட்கிறார்.

கடுமையாகக் கோணிய பெருவிரலை நிமிர்த்த இன்று பல வழிகள் இருக்கின்றன. கை தேர்ந்தவர் செய்தால் அநேகமாக எல்லாமே நிமிர்த்திவிடும். எதைத் தேர்வது என்பதை எக்ஸ்ரே பாதி சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டியது அந்தக் கால் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறது என்பது. பாடப்புத்தகங்கள் ஷூ போட்ட காலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் கட்டுரை அந்த வழிகளை ஒரு வெறுங்காலின் பக்கம் நின்று பார்க்கும் முயற்சி.

முதலில் பெயர்க் குழப்பம். மருத்துவர் ‘பனியன்’ என்று சொன்னதும் நம் ஊரில் உள்சட்டைதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்தப் புடைப்புக்கு அதுதான் பெயர். நூல்களில் ஹாலக்ஸ் வால்கஸ். நம்மவர்கள் சொல்வது எளிது: ‘கட்டைவிரல் வளைஞ்சு போச்சு’, ‘எலும்பு புடைச்சிருக்கு’. இரண்டாவது சொல் கொஞ்சம் ஏமாற்றும். அங்கே புதிதாக எலும்பு வளர்வது மிகக் குறைவு. பாதத்தின் முதல் நீள எலும்பு உள்பக்கமாக, அதாவது மற்றக் காலைப் பார்த்து, விலகுகிறது. அதன் நுனியில் உட்கார்ந்திருக்கும் பெருவிரல் எதிர்ப்பக்கம், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் முனைதான் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த எலும்பின் தலைக்கு அடியில் எள்ளின் பெயரைப் பெற்ற இரண்டு குட்டி எலும்புகள் உண்டு. அவை தம் தடத்தில் இருக்க, மேலே எலும்பு நழுவிப் போய்விடும். பல கால்களில் அந்த நீள எலும்பு தன் அச்சிலேயே சற்று உருண்டும் போயிருக்கும். ஆகவே புடைப்பைச் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்பது சாய்ந்த தூணுக்குச் சுண்ணாம்பு பூசுகிற வேலை. வெறுமனே சீவி அனுப்பப்பட்ட கால்கள் சில ஆண்டுகளில் அதே புகாரோடு திரும்பி வந்த அனுபவம் இத்துறைக்கு நிறைய உண்டு.

கணக்கு இரண்டு கோணங்களில் இருக்கிறது. பெருவிரலுக்கும் முதல் நீள எலும்புக்கும் இடையிலான சாய்வு 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு. 40ஐத் தாண்டினால் கடுமை. முதல், இரண்டாம் நீள எலும்புகளுக்கு நடுவே உள்ள விரிவு 9 பாகை வரை இயல்பு. 16, 20 என்று போனால் கடுமை. இந்தக் கோணங்களை நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில்தான் அளக்க வேண்டும். மேசையில் படுக்கவைத்து எடுத்த படத்தில் உடல் பாரம் காலில் இல்லை. விரிவு குறைந்து தெரியும், கடுமையான கால் நடுத்தரமாகிவிடும், அறுவையின் தேர்வும் அதோடு தவறிப்போகும். கையில் படம் வைத்திருப்பவர்கள் அது நின்று எடுத்ததுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஷூ போடாத காலுக்கு இது எப்படி வருகிறது? ஷூவின் மேல் குற்றம் உண்டு, சந்தேகமில்லை. ஹாங்காங்கில் சிம்-ஃபூக், ஹாட்ஜ்சன் இருவரும் 1958இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஷூ அணிந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்குப் பெருவிரல் சாய்வு. படகுகளில் வாழ்ந்த வெறுங்கால்காரர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இடைக்கால எலும்புக்கூடுகளைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் 2021இல் எழுதியது இன்னும் சுவையானது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலானவற்றில் 6 விழுக்காடாக இருந்த கோணல், கூர்முனைக் காலணி மோகம் வந்த 14, 15ஆம் நூற்றாண்டுகளில் 27 ஆகிவிட்டது. நம் நாட்டில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் கால்தடத்தைப் பார்த்து 1992இல் சொன்னது தட்டைப்பாதம் பற்றி: செருப்போ ஷூவோ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6, வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடு. பெருவிரல் அவர்கள் கேள்வி அல்ல. ஆனால் காலணி வளரும் பாதத்தை மாற்றுகிறது என்ற சந்தேகத்துக்கு இந்தியச் சான்று அதில் கிடைத்தது.

ஆனாலும் ஹாங்காங் படகுக்காரர்களின் அந்த 2 விழுக்காட்டை மறக்கக் கூடாது. வெறுங்கால் காப்பாற்றாத கால்கள் எங்கும் உண்டு. இந்தக் கோணல் குடும்பத்தில் இறங்கும். அப்பத்தாவின் காலையும் பேத்தியின் காலையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். பெண்களுக்கு அதிகம். மூட்டு தளர்ந்த உடல்வாகு, தட்டைப்பாதம், முடக்குவாதம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். வயதும் கூட. 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி 18 முதல் 65 வயதுக்குள் 23 விழுக்காடு, 65க்கு மேல் 35.7. அந்தத் தொகுப்பில் பெரும்பான்மை ஷூ போடும் நாடுகள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் ஆச்சிக்கு ஷூ இடிக்காததால் வலி தாமதமாகத்தான் வரும். வரும்போது புடைப்பில் வராது. பெருவிரல் பாரத்தைத் தாங்காமல் ஒதுங்கிவிட, இரண்டாம் விரலின் அடியில் ஆணி விழுந்து அங்கே குத்தும். பெருவிரல் அடியில் புகுந்து இரண்டாம் விரலைத் தூக்கிவிடும். மெட்டியைக் கழற்ற முடியாமல் போய், கடைசியில் வெட்டி எடுக்கவேண்டி வரும். செருப்பின் விரல்வார் நுழைய இடமிருக்காது. நம் ஊர்க் கால்கள் மருத்துவரிடம் வரும்போதே கடுமையாக இருப்பதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான் என்பது என் எண்ணம்.

அறுவை இல்லாமல் முடியுமா? வலியைக் குறைக்கலாம், கோணத்தை அல்ல. இரவில் மாட்டும் பட்டை, விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிக்கான் துண்டு எதுவும் வளர்ந்தவர்களின் எலும்பை நிமிர்த்தாது. பின்லாந்தில் 209 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, அறுவை, உள்ளட்டை, காத்திருத்தல் என்று ஒப்பிட்டு 2001இல் வெளியிட்டார்கள். உள்ளட்டை சில மாதம் உதவியது. ஓராண்டு முடிவில் அறுவைதான் முன்னால் நின்றது. அந்த ஆய்வில் இருந்தவை இவ்வளவு கடுமையான கால்கள் அல்ல என்பது வேறு. இன்னொரு பக்கம், 2004இல் வந்த காக்ரேன் தொகுப்பு ஒரு கசப்பைச் சொன்னது: கோணமும் வலியும் குறைந்த பிறகும் 25 முதல் 33 விழுக்காட்டினர் திருப்தி இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு முறைகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் எலும்பு நிமிர்வதும் மனிதர் நிறைவடைவதும் ஒன்றல்ல என்பதற்கு அந்த எண் போதும். அழகுக்காக மட்டும் இந்த அறுவைக்குப் போக வேண்டாம் என்று நல்ல மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

இனி அறுவைகள். முதல் நீள எலும்பின் நுனியில் அம்புமுனைபோல வெட்டி, தலையை வெளிப்பக்கம் நகர்த்தும் ‘செவ்ரான்’ உலகில் மிகப் பரவலானது. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஏறக்குறைய ஒரு பாகை சரியாகும் என்பது வாய்ப்பாடு. தலையின் அகலத்தில் பாதிக்கு மேல் நகர்த்தினால் பிடிப்பு போய்விடும் என்பதால் வழக்கமான செவ்ரான் லேசான, நடுத்தரக் கோணலோடு நின்றுவிடுகிறது. தசைநாரை மட்டும் தளர்த்தி இறுக்கும் மெக்பிரைடின் 1928 முறையும் தனியாகக் கடுமையான காலுக்குப் போதாது. இன்று அது மற்ற அறுவைகளின் துணை வேலை.

கடுமையான கோணலுக்கு அடுத்த படி ‘ஸ்கார்ஃப்’. தச்சர்களின் சொல் அது. நீளம் போதாத இரண்டு மரங்களை, முனைகளைச் சாய்த்து வெட்டி ஒன்றையொன்று கவ்வவைத்து ஒரே உத்தரமாக்கும் இணைப்புக்கு மேற்கில் அந்தப் பெயர். பர்மா தேக்கில், நடுமுற்றமான வளவைச் சுற்றித் தூணும் உத்தரமும் நிறுத்திய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீள எலும்பை அதன் நீளவாக்கிலேயே இசட் எழுத்துப்போல வெட்டி, கீழ்த்துண்டை வெளியே தள்ளி, இரண்டு திருகாணி போடுகிறார்கள். ஸ்பெயினில் புருட்டாரன் 1976இல் எழுதியது இது. பிரான்சின் பாரூக் 1990களில் ஐரோப்பாவெங்கும் பரப்பினார். வெட்டுமுகம் நீளமாக இருப்பதால் உறுதி அதிகம், மறுநாளே தட்டையான அறுவைச் செருப்போடு குதிகாலை ஊன்றலாம், மூட்டு எதுவும் பலியாகாது. அதாவது குத்தவைப்பதும் மண்டியிடுவதும் மிஞ்சும்.

பலவீனமும் அதே இடத்தில்தான். எலும்பின் வெளிச்சுவர் கெட்டி, உள்ளே பஞ்சு. வெட்டிய துண்டு நகரும்போது ஒரு துண்டின் சுவர் மற்றதன் பஞ்சுக்குள் புதைந்துபோக இடமுண்டு. புதைந்தால் பாதத்தின் உயரம் குறைந்து, பாரம் மீண்டும் இரண்டாம் விரலடிக்கே போகும். மாதவிடாய் நின்று எலும்பு மென்மையான பெண்களிடம் இந்த ஆபத்து கூடுதல். மென்மையான தேக்கில் போட்ட இணைப்பு பாரத்தில் இளகும் என்பது தச்சருக்கும் தெரிந்ததுதானே. இதோடு பெருவிரலின் முதல் எலும்பில் ஒரு சிறு ஆப்புத் துண்டை எடுத்து நேராக்கும் ‘அக்கின்’ அறுவையையும் (1925இல் வந்தது) சேர்த்துச் செய்வது வழக்கம்.

அடிப்பகுதியில் பிறைபோலவோ சாய்வாகவோ வெட்டித் திருப்பும் முறைகளும் உண்டு. நெம்புகோலின் அடியில் கொஞ்சம் திருப்பினால் நுனி நிறைய நகரும் என்ற எளிய கணக்கு. பெரிய கோணத்தையும் சரிசெய்யும். ஆனால் வெட்டுமுகம் சிறியது. காலை ஊன்றிவிட்டால் எலும்பு மேல்நோக்கி மடங்கி ஒட்டிவிடும். ஸ்கார்ஃபும் அடுத்துச் சொல்லப்போவதும் பரவிய பிறகு இவற்றுக்கான இடம் சுருங்கிவிட்டது.

அடுத்தது லாப்பிடஸ். நியூயார்க்கின் பால் லாப்பிடஸ் 1934இல் எழுதியதால் அவர் பெயர். அவருக்கு முன்பே 1911இல் ஆல்பிரெக்ட் இதை யோசித்திருக்கிறார். நீள எலும்பு விலகுவது அதன் அடி மூட்டு தளர்ந்திருப்பதால் என்றால், அந்த அடி மூட்டையே நேர்செய்து ஒட்டிவிடலாம் என்பது இதன் தர்க்கம். கோணல் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே கைவைக்கும் முறை இது. உருண்டுபோன எலும்பை அதன் அச்சில் திருப்பி வைக்கவும் முடியும். கோணலை மூன்று பரிமாணத்தில் பார்க்கும் இன்றைய போக்கில் லாப்பிடஸ் மறுபடி செல்வாக்குப் பெற்றதற்கு இது முக்கியக் காரணம். தளர்ந்த மூட்டுடைய கடுமையான காலுக்கு இதை முதல் தேர்வாகச் சொல்பவர்கள் நிறைய. ஒட்டப்படுவது இயல்பிலேயே அதிகம் அசையாத மூட்டு என்பதால் இழப்பு பெரிதாகத் தெரியாது. பெருவிரல் மூட்டு மடங்கும், கோலம் தப்பிக்கும். விலை வேறு இடத்தில் இருக்கிறது. சிலருக்கு எலும்பு ஒட்டாமல் போகும். புகைப்பவர்களுக்கும் கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். நீள எலும்பு சற்றுக் குட்டையாகும். பழைய முறையில் ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது. இன்றைய தகடு, திருகாணிகளோடு சிலர் இரண்டாவது வாரத்திலேயே அனுமதிக்கிறார்கள்.

‘ஊன்றக் கூடாது’ என்பது அடுக்குமாடி வீட்டில் ஒரு பொருள், செட்டிநாட்டு வீட்டில் வேறு பொருள். தெருவிலிருந்து திண்ணைக்கு உயரப் படிகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு, கழிப்பறை பின்கட்டில். ஒவ்வொரு நிலைக்கும் தாண்ட வேண்டிய வாசற்படி. மெழுகியதுபோல் வழவழக்கும் தரையில் வாக்கரோடு ஓர் அறுபது வயதுக்காரர், அதுவும் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, துணைக்கு ஒரே ஒரு வேலைக்காரம்மாவோடு. பெருவிரலை நிமிர்த்தப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது நடக்கக்கூடிய ஒன்று. இந்த வீட்டுக்கு, எக்ஸ்ரே லாப்பிடஸ் கேட்டாலும், ஊன்ற அனுமதிக்கும் உறுதியான பொருத்தம் கிடைக்குமா என்று முதலில் பேசிக்கொள்ள வேண்டும். அறுவைச் செருப்பை வீட்டுக்குள் போடக் கூடாது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் நடக்கும். ஆறு வாரத்துக்கு அது செருப்பல்ல, கட்டு. சாமி அறைக்கு மட்டும் நாற்காலி போட்டுக்கொண்டு வெளியிலிருந்து கும்பிட்டால் ஆயிற்று.

பெருவிரல் மூட்டையே ஒட்டிவிடுவது இன்னொரு பெரிய வழி. மூட்டு தேய்ந்துபோன, முடக்குவாதம் தின்ற, அல்லது முன்பு செய்த அறுவை தோற்ற கடுமையான காலுக்கு இது மிக நம்பகமானது. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒட்டிவிடும், கோணல் திரும்பாது. இன்னொரு வியப்பு: விரலை நேராக ஒட்டியதும், நீள எலும்புகளுக்கு நடுவே உள்ள விரிவு தனியாக வெட்டாமலே குறைந்துவிடும், ஏனென்றால் அதுவரை பக்கவாட்டில் இழுத்த தசை இப்போது சேர்த்து இழுக்கிறது. வலியின்றி நெடுந்தூரம் நடக்கலாம்.

ஆனால் அந்த மூட்டு இனி மடங்காது. மேற்கத்திய நூல்களில் இதற்குச் சொல்லும் வருத்தம், உயரமான ஹீல்ஸ் போட முடியாது என்பது. நமக்கு வருத்தம் வேறு. குதிகாலை ஊன்றிக் குந்துவதற்குப் பெருவிரல் மடங்க வேண்டியதில்லை, அது நடக்கும். ஆனால் மண்டியிட்டு, விரல்களை மடக்கி ஊன்றித்தான் நாம் தரையிலிருந்து எழுகிறோம், நமஸ்காரம் செய்கிறோம், கோலத்தின் கடைசிப் புள்ளிக்கு எட்டுகிறோம். அங்கேதான் இடிக்கும். பாதத்தின் முதுகு தரையில் படும்படி கால்விரலை நீட்டி மண்டியிடப் பழகிக்கொள்ளலாம், பழகியவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால் அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஒட்டும் கோணமும் வெறுங்காலுக்கென்று யோசிக்கப்பட வேண்டியது. விரல் தரையிலிருந்து 10 முதல் 15 பாகை தூக்கலாக, வெளிப்பக்கம் 10 முதல் 15 பாகை சாய்வாக என்பது பொதுக் கணக்கு. ஹீல்ஸ் போடும் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்குவார்கள். அதே தூக்கல் வெறுங்காலுக்கு வந்தால் விரல்நுனி தரையைத் தொடவே தொடாது. தாழ்ந்துபோனால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் நுனி இடித்து, அடுத்த கணு தேயும். தேர்ந்த மருத்துவர்கள் மேசையிலேயே பாதத்துக்கு அடியில் ஒரு தட்டையான தகட்டை அழுத்திப் பார்த்துத்தான் திருகாணி போடுகிறார்கள். அந்தத் தகடு, நம்மைப் பொறுத்தவரை, ஆத்தங்குடித் தரைதான்.

அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் கெல்லர் 1904இல் எழுதியது, பெருவிரலின் முதல் எலும்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிடுவது. சீக்கிரம் முடியும், ஒட்டவேண்டியது எதுவுமில்லை, சில வாரங்களில் நடக்கலாம். பிறகு விரல் வலுவிழந்து தொங்கும் அல்லது மேலே தூக்கிக்கொள்ளும். நடையில் தள்ளும் வேலையை அது செய்யாது. வீட்டுக்குள் மட்டும் நடமாடும், புடைப்பின் மேல் தோல் புண்ணாகிக்கொண்டே இருக்கும் முதியவருக்கு இன்றும் பொருந்தலாம். பழனிக்கு நடக்க நினைப்பவருக்கு இது கூடாது. சிலிக்கான் செயற்கை மூட்டு பற்றி ஒரு வரி போதும்: தேய்ந்து உதிரும் துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்த அனுபவத்துக்குப் பிறகு கோணலுக்கு அதை யாரும் பெரிதாகப் பரிந்துரைப்பதில்லை.

‘துளை அறுவை’, ‘லேசர்’ என்றெல்லாம் விளம்பரம் வரும் முறையில் லேசர் எதுவும் இல்லை. சில மில்லிமீட்டர் துளை வழியே சுழலும் சிறு கருவியால் எலும்பை வெட்டி, எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடி தலையை நகர்த்தி, இரண்டு நீளத் திருகாணி போடுகிறார்கள். பிரான்சின் வெர்னுவாவும் இங்கிலாந்தின் ரெட்ஃபெர்னும் வடித்த வகை இப்போது பரவலாகிறது. தழும்பு சிறிது, ஆரம்ப வலி குறைவு. இதுவரை பார்த்தவரை திறந்த அறுவைக்குச் சமமான பலன். கைப்பழக்கம் வர நாளாகும். முதல் சில பத்து நோயாளிகளுக்குள் ஒருவராக இருப்பது யாருக்கும் லாபமில்லை. தலையை ஏறக்குறைய முழு அகலத்துக்கும் நகர்த்திக் கடுமையான கோணலையும் இதில் சரிசெய்கிறார்கள். எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கான நீண்டகாலக் கணக்கு இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது. ‘எத்தனை செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பதை நம்மூரில் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். சமையல்காரரை வைப்பதற்கு முன் எத்தனை கல்யாணம் என்று கேட்கிறோமே.

எந்த வழியாக இருந்தாலும் சில விஷயங்கள் பொது. ஏறிப்போன இரண்டாம் விரலைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டால் பெருவிரல் நிமிர்ந்தும் வலி போகாது. வீக்கம் முழுதும் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு. மூட்டு விறைப்பு, நரம்பு மரத்தல், தொற்று, கோணல் திரும்புதல், மிகையாய்த் திருத்தி விரல் எதிர்ப்பக்கம் போய்விடுதல் என்று பட்டியல் உண்டு. சிறியதாக இருந்தாலும் அது இல்லாத மருத்துவமனை கிடையாது.

சர்க்கரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புடைப்பு வலிக்காது, புண்தான் வரும். அறுவைக்கு முன் கணுக்காலில் இரத்த ஓட்டம் அளக்கப்பட வேண்டும். ஓட்டம் போதாத காலில் கத்தி வைத்தால் விரலே போய்விடலாம். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கே ஒரு மரபு இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மரத்த கால்கள் அழுகுவது நோயால் அல்ல, உணராமல் விழும் அழுத்தத்தால் என்று காட்டினார். அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான் நுண்துளை ரப்பர்ச் செருப்பு. இன்று நம் எலும்பு மருத்துவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு. உணர்ச்சியற்ற, ஓட்டம் குறைந்த காலுக்கு எல்லா அறுவைகளையும்விட அந்தச் செருப்பே மேலாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டுக்குள்ளும் போட வேண்டும். நிபந்தனைகளில் மிகக் கடினமானது அதுதான்.

மூட்டு நன்றாக இருந்து, எலும்பு கெட்டியாக இருந்தால் ஸ்கார்ஃபும் அக்கினும்; அடி மூட்டு தளர்ந்து, விரிவு மிக அதிகமாகி, வீட்டில் துணையும் இருந்தால் லாப்பிடஸ்; மூட்டே தேய்ந்திருந்தால் ஒட்டிவிடுவது, ஆனால் நமஸ்காரம் பற்றிப் பேசிய பிறகு. நான் அந்த ஆச்சியின் பேரனாக இருந்தால் இந்த வரிசையில்தான் கேட்பேன்.

எப்போது செய்துகொள்வது என்ற கேள்வி மிச்சம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடி நடைக்கு நூற்றாண்டுகளின் வரலாறு உண்டு. பலர் வெறுங்காலில்தான் நடக்கிறார்கள். கார்த்திகையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு ‘தைப்பூசத்துக்கு நடந்துடலாமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் உண்டு. எலும்பு ஒட்ட ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம், வீக்கம் வடிய ஆறு மாதம், பிறகு ஊரைச் சுற்றி, குன்றக்குடி வரை, பிள்ளையார்பட்டி வரை என்று தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட இன்னும் சில மாதம். நடையை முடித்துக்கொண்டு மாசியில் செய்துகொண்டால் அடுத்த தைக்குப் பதினோரு மாதம் இருக்கிறது.